செல்லாத ‘ம்’

அதியனுக்குப் பல் வலித்ததால் பூங்கோதை காபியை ஆறவைத்துக் குடித்தாள். செவ்வாய்க் கிரகத்தின் வெண்ணிக் குடியிருப்பில் இதை யாரும் வினோதமாக நினைப்பதில்லை. தாலி ஏறும் நேரத்தில், இருவர் காதுக்குப் பின்னாலும் பதிந்து, உணர்வையும் ஒலியையும் சேமிக்கும் உணர்செதில்களைப் பதிவாளர் எந்திரம் ஒன்றோடொன்று இணைத்துவிடும். இணைமுடிச்சு என்று அதற்குப் பெயர். அதன்பின் ஒருவருக்கு வலித்தால் மற்றவருக்கும் வலிக்கும். மூச்சுவிடக் காற்றில்லாத ஊரில் துணை எங்கே விழுந்து கிடந்தாலும் உடனே தெரியவேண்டுமே என்று, முதலில் குடியேறியவர்கள் செய்த ஏற்பாடு.

அதியன் மோசமானவன் இல்லை. பனிச்சுரங்கத்தில் வேலை. குடி, அடி எதுவும் கிடையாது. பல் மருத்துவர் என்றால் மட்டும் ஓட்டம் பிடிப்பான். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் பேசிக்கொண்டது பெரும்பாலும் அந்தப் பல்லைப் பற்றித்தான். ஒத்துவராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கும்தான்.

வழக்கறிஞர் மெய்கண்டான் பொறுமையாக விளக்கினார்.

“விவாகரத்துங்கிறது கட்டின வீட்டை இடிக்கிறதும்மா. இடிச்சாலும் செங்கல் கிடக்கும். அவர் வலியில கால்வாசி ஆயுசுக்கும் உனக்கு வந்துட்டே இருக்கும். செல்லாமைங்கிறது வீடே கட்டலைங்கிறது. செதில் சுத்தமா பழையபடி ஆயிடும்.”

“அப்ப அதையே வாங்கிக் குடுங்க சார்.”

“சும்மா குடுப்பாங்களா? காரணம் வேணும். அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கா?”

“இல்ல.”

“எதையாவது மறைச்சு ஏமாத்தினாங்களா?”

“பல்லை மறைச்சாங்க.”

“அதெல்லாம் நிக்காது. இன்னும் ஒண்ணுதான் இருக்கு. நீ மனசாரச் சம்மதிச்சியா?”

பூங்கோதை யோசிப்பதற்குள், கூட வந்திருந்த அம்மா கோமளவல்லி முந்திக்கொண்டாள். “நானூறு பேர் சாப்பிட்டுட்டுப் போயிருக்காங்க. கல்யாணமே நடக்கலைன்னா, அவங்க தின்னுட்டுப் போனது எதுக்காம்?”

வழக்கு நடுவியிடம் போனது. தீர்ப்புச் சொல்லும் எந்திரத்தை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அது திருமண நேரத்துச் செதில் பதிவை ஒலிக்கவிட்டது. நாதசுரச் சத்தத்துக்கு நடுவே, ‘இந்தத் திருமணத்துக்குச் சம்மதமா?’ என்ற பதிவாளரின் குரல். அடுத்து, பூங்கோதையின் ‘ம்’.

“கேட்டுதில்ல?” என்றாள் அம்மா. இனி விவாகரத்துதான். பூங்கோதைக்கு ஆயுசு முழுக்கக் கால்வாசிப் பல்வலி.

“ஒலி மட்டும் போதாது. எந்தக் கேள்விக்கு மனம் பதில் சொன்னது என்பதும் செதிலில் இருக்கிறது” என்றது நடுவி. “அதே நொடியில் மணமகளின் தாயார், ‘தலையில பூ கனக்குதாடி?’ என்று கேட்டிருக்கிறார். அந்த ‘ம்’ பூவுக்கானது. மணமகனிடம் அவர் மாமா, ‘செருப்பை வெளியிலயா விட்டே?’ என்று கேட்டிருக்கிறார். அவருடைய ‘ம்’ செருப்புக்கானது. சம்மதமா என்ற கேள்விக்கு இருவருமே பதில் சொல்லவில்லை. இத்திருமணம் தொடக்கம் முதலே செல்லாது.”

பூங்கோதையின் வாயில் வலி சட்டென்று அணைந்தது. நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். எதிர் வரிசையிலிருந்து அதியன் கேட்டான்.

“நின்னுடுச்சா?”

“நின்னுடுச்சு. உங்களுக்கு?”

“எனக்கு எங்க நிக்கும்? நாளைக்குப் போய்ப் பிடுங்கிடறேன்.”

“அதை அன்னிக்கே செஞ்சிருக்கலாம்ல?”

இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

நடுவி இன்னும் முடிக்கவில்லை. ஒருவருக்குச் சொன்ன நியாயம் ஊருக்கெல்லாம் பொருந்தவேண்டும் அல்லவா? குடியிருப்பின் எல்லாத் திருமணப் பதிவுகளையும் அது அங்கேயே அலசிவிட்டது. எல்லாமே ‘ம்’. ஒன்றுகூடச் சம்மதத்துக்கானதாக இல்லை. “எல்லா முடிச்சுகளும் இப்போதே அவிழ்க்கப்படுகின்றன. வேண்டியவர்கள் வாய் திறந்து சம்மதம் சொல்லித் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.”

அம்மா எழுந்தாள். எழும்போது வழக்கம்போல முழங்காலைப் பிடிக்கப் போனவள், கையை அப்படியே நிறுத்தினாள். அது அப்பாவின் மூட்டுவலி. பூங்கோதை பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மாவும் சுமந்தது.

வீட்டில் அப்பா சுவர்த்திரையில் மணல்வண்டிப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார். பதிவாளர் எந்திரம் வாசலில் காத்திருந்தது. அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“என்னங்க, நமக்குக் கல்யாணமே ஆகலையாம். என்னைக் கட்டிக்கச் சம்மதமா?”

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ம்.”

எந்திரம் அம்மாவின் பக்கம் திரும்பியது. “உங்கள் பதில்?”

கோமளவல்லி நாற்காலியில் உட்கார்ந்து காலை நன்றாக நீட்டினாள். மடக்கினாள். மறுபடி நீட்டினாள்.

“பந்தயம் முடியட்டும்” என்றாள். “எனக்கொண்ணும் அவசரமில்ல.”