மார்லிஸ், உன் பர்மிட் ரத்து

மடியில் இருந்த போன் அடித்தது.

மார்லிஸ் ஃப்ரீசன் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு எடுத்தாள். வேனுக்கு வெளியே, மைனஸ் முப்பத்தொரு டிகிரியில், கணவன் வில்மர் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஹலோ... மிஸ்டர் ஃப்ரீசன் வீடுங்களா? மாற்றுத்திறனாளி பார்க்கிங் பர்மிட் ஆபீஸ்ல இருந்து ரோவீனா பேசறேன்."

"அவர் வெளிய நிக்கறார். நான் மார்லிஸ். என் ரினியூவல் விஷயமா? திங்கட்கிழமையே அனுப்பிட்டேனே. டாக்டர் கையெழுத்து எதாவது விட்டுப்போச்சா?"

"மேடம்... நீங்க மார்லிஸ் ஃப்ரீசனா?"

"முப்பத்தாறு வருஷமா."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ரெண்டு மணிக்கு உங்க கணவர்கிட்டேர்ந்து ஒரு மெயில் வந்தது. படிக்கறேன். 'என் மனைவி மார்லிஸ் இன்று மதியம் எங்கள் ஏரிக்கரைக் குடிலில் காலமானார். அவருடைய பர்மிட்டை ரத்து செய்யவும். அட்டையைத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன்.' உங்க ரினியூவல் ஃபார்ம்ல இந்த நம்பர் இருந்தது. துக்கம் விசாரிக்கத்தான் கூப்பிட்டேன்."

மணி இரண்டு இருபது.

மார்லிஸின் கால்கள் பதினோரு வருடங்களுக்கு முன்பே உணர்வை இழந்தவை. இப்போது முதுகும் ஜில்லிட்டது.

ஏரிக்கரைக் குடில். அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வில்மர் முப்பது வருடம் வினிப்பெக் நகரத்தில் பள்ளிப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போட்டவன். எதையும் முன்கூட்டியே முடித்து வைப்பவன். குடிலில் போன் சிக்னல் கிடையாது. அதனால் மெயில்களை நேற்றே எழுதி, இரண்டு மணிக்குத் தானாகப் போகும்படி வைத்திருக்கிறான். காலை ஒன்பதுக்குக் கிளம்பி, மதியத்துக்குள் வேலையை முடித்துவிடுவதாகத் திட்டம்.

ராத்திரி கொட்டிய பனி தெருவை அடைத்துவிட்டது. மண்வெட்டியோடு மல்லுக்கட்டிவிட்டு அவர்கள் கிளம்பும்போது மணி ஒன்றரை. அவசரத்தில் மெயிலை மறந்துவிட்டான்.

அவன் போட்ட அட்டவணையில் பனிக்கு இடமில்லை.

மார்லிஸ் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒரே ஒரு பை. அவனுடையது. அவளுடைய மாத்திரைப் பெட்டி எங்கும் இல்லை.

அவளுடைய சக்கர நாற்காலியை நான்கு பட்டைகள் வேனின் தரையோடு இறுக்கியிருந்தன. கொக்கிகள் சக்கரங்களுக்குக் கீழே. அவள் கை எட்டாது. வில்மர் கை வைத்தால்தான் அவிழும்.

"ரோவீனா," என்றாள் கிசுகிசுப்பாக. "என் நாற்காலியை வேன்ல கட்டிப் போட்டிருக்கு. அவர் என்னை அந்தக் குடிலுக்குத்தான் கூட்டிட்டுப் போறார்."

"புரியுது மேடம். போனை வைக்காதீங்க. ஃபார்ம் கேள்வி மாதிரியே கேக்கறேன், நீங்க பதில் சொல்லுங்க. இங்க பக்கத்து சீட்காரங்களைப் போலீஸுக்குப் போன் போடச் சொல்லிட்டேன்."

கதவு திறந்தது. குளிரும் வில்மரும் உள்ளே ஏறினார்கள்.

"யாரு போன்ல?"

"பர்மிட் ஆபீஸ். ரினியூவலுக்கு ஏதோ கேள்வி கேக்கறாங்க."

சாவியைத் திருகிய கை நின்றது. அவன் கண்கள் கடிகாரத்துக்குப் போயின. அங்கேயே தங்கின.

"ஸ்பீக்கர்ல போடு."

போட்டாள். வேறு வழி?

"நான் வில்மர் ஃப்ரீசன்." குரல் பால் மாதிரி இருந்தது. "எங்ககிட்டேர்ந்து உங்களுக்கு இன்னிக்கு எதாவது மெயில் வந்துச்சா?"

"மெயிலா? அதை ஏன் சார் கேக்கறீங்க. காலையிலேர்ந்து கம்ப்யூட்டர் படுத்தே கெடக்கு. அதான் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, பேப்பர்ல எழுதிட்டிருக்கேன். மேடம், உங்களால அம்பது மீட்டர் நடக்க முடியுமா?"

"முடியாது."

வில்மர் மூச்சை விட்டான். வேன் நெடுஞ்சாலையில் ஏறியது.

"யாரோட உதவியும் இல்லாம வண்டியை விட்டு இறங்க முடியுமா?"

"முடியாது."

"வண்டி நம்பர் சொல்லுங்க."

"போன தடவை நான்தான் இந்த ஃபார்மை நிரப்பினேன்," வில்மர் குறுக்கிட்டான். "வண்டி நம்பரெல்லாம் கேக்கலையே."

"ஜனவரியிலேர்ந்து புது ஃபார்ம் சார். நாலு பக்கம் இருந்தது ஏழு பக்கமாயிடுச்சு. எழுதி எழுதிக் கை வலிக்குது."

மார்லிஸ் எண்ணைச் சொன்னாள். ஒவ்வோர் எழுத்தாக.

"பர்மிட்டை எந்தப் பக்கம் அதிகமா உபயோகிக்கறீங்க?"

"எட்டாம் நெடுஞ்சாலை. கிம்லி ஊரைத் தாண்டி எங்க குடில் இருக்கு. இப்பகூட அங்கதான் போறோம்."

"எவ்வளவு நேரத்துல போய்ச் சேருவீங்க?"

"இதுவும் ஃபார்ம்ல இருக்கா?" என்றான் வில்மர்.

"இல்ல சார். ரோடெல்லாம் சறுக்குதாமே, அதான் கேட்டேன்."

"நாப்பது நிமிஷம்," என்றாள் மார்லிஸ்.

"சரி மேடம். மூணு வருஷத்துக்கு பர்மிட் போட்டுடவா?"

"அவ்வளவு நாள் தேவைப்படாது," என்றான் வில்மர், சாலையைப் பார்த்தபடி.

கையை நீட்டிப் போனை வாங்கினான். அணைத்தான். தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

இருபுறமும் வெள்ளை. வானமும் வெள்ளை. ஓர் ஆள் இல்லை, ஒரு வண்டி இல்லை.

"பிப்ரவரியில நாம குடிலுக்குப் போனதே இல்லையே, வில்மர்."

"ஐஸ் அழகா இருக்கும்."

"என் மாத்திரை?"

"வச்சிருக்கேன்."

"எங்க?"

அவன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். கிம்லியைத் தாண்டி, ஏரிக்குப் போகும் கப்பிச் சாலையில் வேனைத் திருப்பினான். மார்லிஸ் பட்டையை இழுத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்தாள். விரல்தான் சிவந்தது.

கண்ணாடியில் சிவப்பும் நீலமும் சுழன்றன.

வில்மர் அமைதியாக ஓரம் கட்டினான். கண்ணாடியை இறக்கினான்.

கான்ஸ்டபிள் லாவலே குனிந்து, முதலில் பின்னால் பார்த்தாள். "மிஸஸ் ஃப்ரீசன்? நீங்க இறந்துட்டதா ஒரு மெயில் வந்திருக்காம்."

"இன்னும் இல்ல. இவன் என்னைக் கொல்லத்தான் கூட்டிட்டுப் போறான்."

வில்மர் சோகமாகச் சிரித்தான். "மன்னிச்சுக்கங்க மேடம். இவளோட நோய் இப்ப மூளையையும் தொட்டிருச்சு. நாளுக்கு ஒரு சந்தேகம். நேத்து நான் சூப்ல விஷம் வச்சேன்னு சொன்னா."

"பொய். நேத்து நாங்க சூப்பே சாப்பிடல."

"பார்த்தீங்களா? அதுகூட ஞாபகம் இல்ல."

"அப்ப அந்த மெயில்?"

"நான் எந்த மெயிலும் அனுப்பல. என் பேர்ல யாரோ விளையாடியிருக்கான். பதினோரு வருஷமா குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தூக்கிச் சுமந்துட்டிருக்கேன். கொல்றவன் அவ்வளவு நாள் காத்திருப்பானா?"

கான்ஸ்டபிள் தயங்கினாள். அந்தத் தயக்கத்தை மார்லிஸ் பார்த்துவிட்டாள். எத்தனை டாக்டர்கள், எத்தனை ஆபீஸ்கள்... கேள்வியை அவளிடம் கேட்டுவிட்டு, பதிலுக்கு வில்மர் முகத்தைப் பார்க்கும் அதே பார்வை.

"நோயாளிகிட்ட இப்படி வர்றது சகஜந்தான்..." என்று ஆரம்பித்தாள் கான்ஸ்டபிள்.

அப்போது வேனின் ஸ்பீக்கர் அலறியது. வில்மரின் போனுக்கு அழைப்பு.

அவன் கை பாய்ந்தது.

"கை ஸ்டீயரிங்லயே இருக்கட்டும்," என்ற கான்ஸ்டபிள், கையை உள்ளே விட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

"வில்மர்? சர்ச் சமையல்கூடத்துலேர்ந்து டீனா பேசறேன். உங்க மெயிலைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. தூக்கத்துலயே போயிட்டாளாமே, புண்ணியவதி. ஞாயித்துக்கிழமை நீங்க அரிசோனாவுல குடியேறப் போறதால, சனிக்கிழமையே அடக்கத்தை முடிக்கணும்னு எழுதியிருந்தீங்களே... பாஸ்டர் சரின்னுட்டார். அன்னிக்கு மதியத்துக்கு பன், சீஸ், ஊறுகாய், காப்பி போதும்ல? எத்தனை பேருக்குச் சொல்லட்டும்?"

கான்ஸ்டபிள் வேன் கதவைத் திறந்தாள்.

"வில்மர்? லைன்ல இருக்கீங்களா?"

கான்ஸ்டபிள் லாவலே இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தாள். "கீழ இறங்குங்க, மிஸ்டர் ஃப்ரீசன்."

மார்லிஸ் நாற்காலியிலிருந்து எட்டிய அளவுக்கு முன்னால் சாய்ந்தாள்.

"டீனா, மார்லிஸ் பேசறேன். எத்தனை பேரா இருந்தாலும் ஒண்ணைக் குறைச்சுக்கோ. வில்மருக்கு இனிமே சர்க்கார் சாப்பாடு."