பஞ்சு யாரைத் தேடுகிறது?

குஷன் கடையில் வேலை செய்யும்போது அப்பாவிடம் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

"ம்ம்."

அப்பாவுக்குக் கோபம் எல்லாம் இல்லை. வாய் நிறைய ஆணி, அவ்வளவுதான். ஒரு கையால் துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும், மறு கையில் சுத்தியல். ஆணி வைத்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. அதனால் சின்னச் சின்ன ஆணிகளை உதட்டுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார். நீங்கள் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். இதற்காக அம்மா அப்பாவைத் திட்டாத நாளே இல்லை.

வாண்டுவுக்கு ஒன்பது வயது. வீட்டில் வைத்த பெயர் வேறு, ஆனால் தெருவில் எல்லோருக்கும் அவள் வாண்டுதான். அப்பாவின் 'ம்ம்' எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சின்ன 'ம்' என்றால் சரி. நீளமாக இழுத்தால் வேண்டாம். மூக்கு வழியாக வந்தால், 'தொந்தரவு பண்ணாதே, போய் விளையாடு' என்று அர்த்தம்.

அன்று பள்ளி விடுமுறை. காலையில் அப்பாவோடும் சித்தப்பாவோடும் வாண்டுவும் கடைக்கு வந்தாள். ஷட்டரைத் தூக்கினார்கள். நடுவில் பல் டாக்டரம்மாவின் நீலச் சோபா மல்லாந்து கிடந்தது. மேல் வேலை எல்லாம் முடிந்துவிட்டது. அடிப்பக்கத்தைக் கறுப்புத் துணி வைத்து மூடுவது மட்டும்தான் பாக்கி.

சித்தப்பா அதைத் தூக்கக் குனிந்தார்.

"உர்ர்ர்ர்" என்றது சோபா.

சித்தப்பா ஒரே தாவில் தையல் மெஷின் மேல் ஏறிவிட்டார். "அண்ணே! சோபா உறுமுது!"

வாண்டு மண்டியிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். இருட்டில் இரண்டு கண்கள் பளபளத்தன. மூக்கு நுனியில் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது.

"நம்ம பஞ்சுதான் சித்தப்பா!"

பஞ்சு அந்தத் தெரு நாய். அதற்கு வீடு கிடையாது. கடைக்குப் பின்னால் கொட்டிக் கிடக்கும் கழிவுப் பஞ்சில் புரண்டுவிட்டு, மூக்கிலும் காதிலும் பஞ்சோடு திரியும். அதனால்தான் அந்தப் பெயர். ராத்திரி பின்கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக நுழைந்து, ஒரு பழைய சாக்கை உள்ளே இழுத்துப் போட்டு, சோபாவின் முதுகுக்குள் படுத்துவிட்டது போலிருக்கிறது. அதன் வயிற்றோரம் ஏதோ நெளிந்தது. 'கீச் கீச்' என்று சத்தமும் வந்தது.

"அப்பா, பஞ்சு குட்டி போட்டிருக்கு!"

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "போயும் போயும் இந்த சோபாதானா கிடைச்சுது? மத்தியானத்துக்குள்ள கிளினிக்ல இறக்கணும். இது பிடிச்சிருந்தா அங்க இருக்கிற நாற்காலி எல்லாத்துக்கும் குஷன் போடுற வேலையை நமக்கே தர்றேன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

சித்தப்பா மெஷின் மேல் நின்றபடியே ஒரு கட்டையை எடுத்தார். "தட்டினா ஓடிடும் அண்ணே."

"வேண்டாம் சித்தப்பா! அது பயந்துபோய் இருக்கு."

"அதுக்கு என்ன பயம்? இங்க பயப்படுறது நான்தானே!"

வாண்டு அவரைக் கண்டுகொள்ளவில்லை. டீக்கு வாங்கி வைத்திருந்த பாலைக் கிண்ணத்தில் ஊற்றினாள். "ஐயோ, என் டீ!" என்றார் சித்தப்பா. அதில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, சோபாவுக்குச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டாள். யாராவது முறைத்துப் பார்த்தால் அவளுக்கே சாப்பாடு இறங்காது. நாய்க்கு மட்டும் இறங்குமா?

கொஞ்ச நேரத்தில் 'சளப் சளப்' என்று நக்கும் சத்தம் கேட்டது.

பஞ்சு பால் குடிக்கும்போது வாண்டு மளமளவென்று வேலை பார்த்தாள். ஒரு மரப்பெட்டியில் மிச்சம் மீதி ஸ்பாஞ்சைப் பரப்பினாள். பஞ்சு படுத்திருந்த அந்தச் சாக்கை உருவி அதன் மேல் போட்டாள். அம்மா வாசனை இருந்தால்தான் குட்டிகளுக்குப் பிடிக்கும். பிறகு சோபாவுக்குள் கைவிட்டுக் குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். கண் திறக்காத நான்கு குட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு உருளைக்கிழங்கு அளவுதான் இருந்தது. டார்ச் அடித்து இன்னொரு முறை உள்ளே பார்த்தாள். காலி.

"அவ்வளவுதான்பா. எல்லாரும் வந்தாச்சு."

"ம்" என்றார் அப்பா. அதற்குள் வாயில் ஆணி ஏறிவிட்டது.

சோபாவைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். டக், டக், டக். கறுப்புத் துணி அடியில் ஏறியது. மறுபடியும் நிமிர்த்தி, துடைத்து, வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் கிளினிக்கில் இறக்கிவிட்டு வந்தார்கள். டாக்டரம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். அப்பா சீட்டி அடித்துக்கொண்டே அடுத்த நாற்காலி வேலைக்கு உட்கார்ந்தார்.

எல்லோருக்கும் சந்தோஷம். பஞ்சுவைத் தவிர.

பஞ்சு பெட்டிக்குள் ஏறியது. குட்டிகளை நக்கியது. பால் கொடுத்தது. பாதியிலேயே எழுந்தது. சோபா கிடந்த இடத்துக்கு ஓடிப் போய்த் தரையை மோந்தது. நகத்தால் பிராண்டியது. வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து முனகியது. திரும்ப வந்து குட்டிகளை நக்கியது. மறுபடியும் எழுந்து ஓடியது.

"அப்பா, பஞ்சு ஒரு இடத்துல இருக்க மாட்டேங்குது."

"ம்ம்" என்றார் அப்பா, மூக்கு வழியாக.

"புது இடம்ல? அப்படித்தான் இருக்கும்" என்றார் சித்தப்பா. மறுபடியும் மெஷின் மேல் ஏறிக்கொண்ட அவர், பஞ்சு நடமாடுகிற வரைக்கும் இறங்குவதாக இல்லை.

வாண்டு பஞ்சுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஏன் இப்படி அலையுற? உன் பிள்ளைங்க நாலு பேரும் இங்கதானே இருக்காங்க? அப்புறம் யாரைத் தேடுற?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

கடை அலமாரியில் ஒரு தகர டப்பா உண்டு. பழைய சோபாக்களைப் பிரிக்கும்போது உள்ளே கிடைத்த சாமான்கள் அதில் இருக்கும். சீப்பு, பேனா, மூக்குக் கண்ணாடி, யாரோ ஒரு தாத்தாவின் பல் செட். இதில் எதுவுமே சோபாவின் நடுவில் கிடைத்தது கிடையாது. எல்லாம் கைப்பிடிக்குள் இருந்துதான் வரும். வெளியில் மெத்தென்று இருக்கும் கைப்பிடி உள்ளே வெறும் பெட்டி மாதிரிக் காலியாக இருக்கும். முதுகுப் பக்கத்திலிருந்து அதற்குள் ஒரு வழியும் உண்டு. பேனா போகிற வழியில் குட்டி போகாதா?

முதுகுக்குள்தான் டார்ச் அடித்துப் பார்த்தாள். கைப்பிடிக்குள் பார்க்கவில்லை.

"அப்பா! இன்னொரு குட்டி இருக்கு! சோபாவோட கைக்குள்ள! நாம அதை உள்ளே வெச்சு மூடிட்டோம்!"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். பஞ்சு மறுபடியும் தரையைப் பிராண்டிக்கொண்டிருந்தது. வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். வாண்டுவுக்குத் தெரிந்து வேலைக்கு நடுவில் அவர் அப்படிச் செய்ததே இல்லை.

"நிச்சயமா தெரியுமா?"

"எனக்குத் தெரியாதுப்பா. பஞ்சுவுக்குத் தெரியும்."

அப்பா தயங்கினார். "இப்பத்தான் பிரமாதம்னு சொன்னாங்க. நாலு பேர் முன்னாடி போய் அதைப் பிரிச்சா, என் வேலையைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"அதுக்குப் பசிக்கும்பா" என்றாள் வாண்டு. "காலையிலிருந்து பாலே குடிக்கலை."

அப்பா ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்துக்கொண்டு வேன் சாவியைத் தேடினார். வாண்டு கூப்பிடுவதற்கு முன்பே பஞ்சு வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"நான்?" என்றார் சித்தப்பா.

"நீங்க குட்டிகளைப் பார்த்துக்கோங்க."

"நானா?"

வேன் கிளம்பிவிட்டது.

கிளினிக்கில் நல்ல கூட்டம். நீலச் சோபாவில் ஒரு குண்டு மாமா, வீங்கிய கன்னத்தில் கை வைத்தபடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"ஆ... அம்மா..." என்று அவர் முனகினார்.

"கீச்" என்று இன்னொரு முனகலும் சேர்ந்து கேட்டது.

பக்கத்தில் இருந்த அம்மாள் பரிதாபமாகப் பார்த்தார். "பாவம், உங்களுக்கு ரொம்ப வலிபோல. குரலே மாறிப்போச்சு."

"அது நான் இல்லீங்க!"

அப்போது பஞ்சு உள்ளே பாய்ந்தது. நேராகச் சோபாவின் வலது கைப்பிடிக்குப் போய் மூக்கை வைத்து அழுத்தியது. எல்லோரும் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்கள்.

"கொஞ்சம் எழுந்துக்கோங்க மாமா" என்றாள் வாண்டு.

"என் முறை வந்துடுச்சா?"

"இல்லை மாமா. சோபாவோட முறை."

சத்தம் கேட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். நாயைப் பார்த்தார். குறட்டோடு நின்ற அப்பாவைப் பார்த்தார். "என்னங்க இது? புது சோபாவுல அதுக்குள்ள என்ன ரிப்பேர்?"

அப்பாவுக்கு முகம் வேர்த்தது. ஆணி சரியாக இறங்கவில்லை என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

"தப்பு நடந்துபோச்சு டாக்டர். ஒரு நாய்க்குட்டியை உள்ளே வெச்சு மூடிட்டேன்."

அந்த அறையே கப்சிப் ஆகிவிட்டது. குண்டு மாமாகூட முனகலை நிறுத்திவிட்டார். அந்த அமைதியில் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. "கீச்." முன்பைவிடச் சன்னமாக இருந்தது.

டாக்டரம்மா கை நீட்டினார். "இன்னொரு குறடு இருக்கா? பிடுங்குறதுதானே என் தொழிலும்."

அப்பா சோபாவைக் கவிழ்க்கப் போனார்.

"கவிழ்க்காதீங்கப்பா! மறுபடியும் உருண்டு எங்கேயாவது போயிடும்!"

அதுவும் சரிதான். குண்டு மாமா வலியை மறந்து ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். இன்னொரு பக்கத்தை இரண்டு பேர் பிடித்தார்கள். அப்பாவும் டாக்டரம்மாவும் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஆணிகளைப் பிடுங்கினார்கள். "இதோ, இன்னும் கொஞ்சம்தான். வலிக்கவே வலிக்காது" என்று டாக்டரம்மா பழக்க தோஷத்தில் சோபாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

துணி விலகியது. வாண்டு கையை நீட்டினாள். விரலில் மெத்தென்று ஏதோ பட்டது. மெல்லப் பிடித்து வெளியே எடுத்தாள்.

இருப்பதிலேயே குட்டியான குட்டி. உடம்பு ஜில்லென்று இருந்தது. அசையவே இல்லை.

வாண்டுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு கைகளாலும் அதைப் பொத்தி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். டாக்டரம்மா ஒரு துண்டை வெந்நீர்க் குழாய்மேல் போட்டுச் சூடாக்கிக் கொண்டுவந்தார். அதில் சுற்றிப் பஞ்சுவின் முகத்துக்கு முன்னால் வைத்தார்கள்.

பஞ்சு நக்கியது. தலையை, முதுகை, வயிற்றை, வாலை என்று ஒரு இடம் விடாமல் நக்கித் தள்ளியது.

ஒரு கால் ஆடியது. வாய் திறந்தது. அந்தக் குட்டி உடம்புக்குள் அவ்வளவு பெரிய சத்தம் எங்கேதான் இருந்ததோ! "கீஈஈச்!"

குண்டு மாமா கைதட்டினார். தட்டிய வேகத்தில் பல் வலி ஞாபகம் வந்து மறுபடியும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். குட்டி தட்டுத் தடுமாறி அம்மாவின் மடியைக் கண்டுபிடித்து, கபக் கபக்கென்று பால் குடிக்க ஆரம்பித்தது. வாண்டுவுக்கு இப்போதுதான் அழுகை வந்தது. சிரிப்பும் கூடவே வந்ததால் எதைத் துடைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நாற்காலி எல்லாத்தையும் அடுத்த வாரமே எடுத்துட்டுப் போங்க" என்றார் டாக்டரம்மா.

அப்பாவால் நம்ப முடியவில்லை. "இத்தனைக்கு அப்புறமுமா?"

"பொய் சொல்லாம வந்து நின்னீங்களே. ஆனா ஒண்ணு. எந்த நாற்காலியா இருந்தாலும், மூடுறதுக்கு முன்னாடி இந்தப் பொண்ணு பார்த்து சரின்னு சொல்லணும்."

"அப்போ இதையே முதல்ல பார்த்துடுறேன்" என்றாள் வாண்டு. சோபாவின் இரண்டு கைப்பிடிக்குள்ளும் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். பிறகுதான் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினாள். அப்பா கறுப்புத் துணியை மறுபடியும் அடித்து முடித்தார்.

கடைக்குத் திரும்பியபோது சித்தப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நான்கு குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

"குளிருச்சு போல, கத்திட்டே இருந்துதுங்க" என்றார் கிசுகிசுப்பாக. "எனக்கு ரெண்டு காலும் மரத்துப்போச்சு. ஆனா எழுந்தா முழிச்சுக்குமே!"

வாண்டு குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் விட்டாள். ஐந்தாவதையும் நடுவில் வைத்தாள். பஞ்சு உள்ளே ஏறி எல்லாவற்றையும் மோந்து பார்த்தது. முதல் குட்டியிலிருந்து கடைசிக் குட்டி வரை, பிறகு மறுபடியும் முதலிலிருந்து. அப்புறம் அவற்றைச் சுற்றி வளைந்து படுத்தது. நீளமாக ஒரு மூச்சு விட்டது. காலையிலிருந்து அலைந்து திரிந்த பஞ்சுவுக்கு அப்போதுதான் கண் சொக்கியது.

பாதியில் விட்ட நாற்காலிமுன் அப்பா போய் உட்கார்ந்தார். சுத்தியலை எடுத்து ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பெட்டியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். சுத்தியலைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்.

"இன்னைக்குக் கடை லீவு" என்றார் மெதுவாக.