யோசலினுக்கு வந்த கேமரா

கேமராவில் எல்லாமே பதிந்திருந்தது, யோசலினின் குரலைத் தவிர.

பெனிதா அடுக்களை முக்காலியில் உட்கார்ந்து மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். எல் ஆல்ட்டோ மலைநகரத்தின் காற்று தகரக் கூரையைத் தடதடவென்று உலுக்குவது கேட்டது. அடுப்பில் ஊதாச்சோளக் கஞ்சி கொப்பளிப்பது கேட்டது. எதிர்ச்சந்து நாய் குரைத்தது. முற்றத்தில் தன் மினிபஸ்ஸைக் கழுவிக்கொண்டே அவள் கணவன் செவேரோ முனகிய பாட்டுகூட அட்சரம் பிசகாமல் விழுந்திருந்தது. நடுவில் அவர்களுடைய ஒரே மகள் யோசலின், பதினைந்தாம் பிறந்தநாள் விழாவில் அப்பாவோடு ஆடப்போகும் வால்ட்ஸைப் பழகிக்கொண்டே வாயைத் திறந்து சிரித்தாள். கேமராவைப் பார்த்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. சத்தமில்லை.

"மைக்கு போயிருக்கும்," என்றான் செவேரோ, துண்டில் கையைத் துடைத்தபடி. "பாதி வெலைக்கு வாங்கிட்டு முழுச் சத்தமும் கேக்கணும்னா எப்படி?"

"ஒன் பாட்டு மட்டும் நல்லா விழுந்திருக்கே."

"அதுக்காவது ரசனை இருக்கு."

பக்கத்தில் நின்ற யோசலின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு காதில் விழுந்தது. பெனிதா கேமராவை மூடினாள். அதிலிருந்து லேசாக ஒரு வாடை வந்தது. மென்று துப்பிய கோக்கா இலை, அணைந்த சிகரெட், வாடிய பூ. அந்த வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லை.

வாடை எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரியாதது போல் இருக்கத்தான் ஒரு வாரமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

பரிசு என்ன வேண்டும் என்று கேட்டபோது மகள் சொன்னது இது ஒன்றைத்தான். கைக்குள் அடங்குகிற, பக்கவாட்டில் சின்னத் திரை விரிகிற பழைய மாதிரி வீடியோ கேமரா. போனில் எடுப்பதெல்லாம் கண்ணாடி போல் இருக்கிறதாம். இந்தக் காலத்துப் பெண்பிள்ளைகளுக்கு அந்த மங்கல்தான் அழகாம். கடையில் கேட்ட விலைக்குப் பெனிதா சந்தையில் மூன்று மாதம் கஞ்சி விற்க வேண்டும். அதனால் இணையத்தில் தேடினாள். ஒருவன் மலிவாகப் போட்டிருந்தான். எல்லாரும் செய்கிற மாதிரி கேபிள் கார் நிலையத்தின் படிக்கட்டில் வந்து கைமாற்றினான். குல்லாயைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தான். "புதுசு மாதிரிதாம்மா," என்றான். பெட்டியும் இல்லை, ரசீதும் இல்லை. அது திருட்டுப் பொருள் என்று அவளுக்கு அப்போதே உறைத்தது. ஆனாலும் ஆசை அறிவை மறைத்தது. வீட்டுக்கு வந்து, அந்த விளம்பரத்தின் கீழேயே படம் போட்டு நன்றியும் எழுதினாள்.

மறுநாள் ஒரு குரல்செய்தி வந்தது. எலோய்சா என்று யாரோ ஒருத்தி.

"அக்கா, அந்தக் கேமரா எங்களோடது. பட்டையில செவப்பு நூல் கட்டியிருக்கும் பாருங்க, நாந்தான் கட்டினேன். கேமராவ நீங்களே வச்சுக்கங்க. அதுல எம்மவன் இருக்கான், அதேமார்னு பேரு. ஆறாவது பொறந்தநாளு. அவன் போய்ட்டான்க்கா. அவன் பேசுறது அது ஒண்ணுலதான் இருக்கு. அத மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பட்டையில் சிவப்பு நூல் இருந்தது. கேமராவுக்குள் அந்தப் பையனும் இருந்தான். பச்சைச் சுவர், கேக், முன்பல் இல்லாத சிரிப்பு. "அம்மா, ஊதவா?" என்று கேட்டான். பின்னால் அலமாரியில் கம்பளிக் குல்லாயும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒரு மண்டையோடு, வாயில் சிகரெட்டோடு, பூவுக்கு நடுவே இருந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்த ஊரில் பல வீடுகளுக்கு இப்படி ஒரு மண்டையோடுதான் காவல். அதற்கென்று பெயரிருக்கும், நவம்பரில் திருநாள் இருக்கும். களவு போனதை மீட்டுத் தா என்றும், கெடுத்தவனைக் கேள் என்றும் அதனிடம்தான் முறையிடுவார்கள்.

எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் திருட்டுப் பொருள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்; அடுத்து அவள் போலீஸோடு வருவாள்; விழா நெருங்கிவிட்டது; மகள் முகம் வாடும். பெனிதா பொத்தானை அழுத்தினாள். எல்லாவற்றையும் அழிக்கவா, என்று திரை கேட்டது. ஆம் என்றாள்.

பிறகு பதில் அனுப்பினாள். "இது புதுசும்மா. அதுல ஒண்ணும் இல்ல."

திரும்பி வந்தது ஒரே ஒரு குரல்செய்தி. அழுகை இல்லை. கத்தல் இல்லை. அடுப்படியில் உப்பு கேட்கிற குரல்.

"சரி. நான் போலீஸுக்குப் போகல. சிரிலோ ஐயாகிட்டச் சொல்லிக்கிறேன். எங்க வீட்ல அவருதான் எல்லாம் பாத்துக்குறாரு."

அந்த ஐயா யாரென்று, அலமாரி மண்டையோட்டைப் பார்த்திருந்த பெனிதாவுக்குப் புரிந்தது. அந்த எண்ணைத் தடை செய்தாள். அன்றைக்கே, வீட்டுக்கு வரும் எந்தப் பொருளுக்கும் செய்வது போல், கேமராவை முற்றத்தில் வைத்துக் காகிதப்பூ தூவி, பூமித்தாயின் பேரைச் சொல்லிச் சாராயம் தெளித்தாள். பழைய பொருளென்றால் முதல் சொட்டு பழைய சொந்தக்காரருக்கு. அவர் பேரைச் சொல்லி உத்தரவு கேட்ட பிறகுதான் புதியவர் பேர். அவள் பிறந்த வீட்டு வழக்கம் அது. புதுசு என்று சொன்ன வாயால் எலோய்சாவின் பேரை எப்படிச் சொல்வது? அதை விட்டுவிட்டாள்.

"இதுக்கு உடையவ என் மக யோசலின்," என்றாள் உரக்க. "அவளத் தவிர யாருமில்ல."

சாராயம் மண்ணில் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

விழாவன்று காலை யோசலினுக்குத் தொண்டை கட்டியது. வெந்நீர் கொடுத்தாள், தேன் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் குரல் முழுதாகப் போய்விட்டது. ரோஜா நிறப் பாவாடைக்குள் நின்றுகொண்டு உதட்டை அசைத்தாள். கண் மட்டும் சிரித்தது. வாடகை மண்டபத்தின் பச்சைக் கண்ணாடிக்குக் கீழே எல்லாரும் கைதட்ட, செவேரோ மகளின் காலில் முதல் குதிகால் செருப்பை மாட்டிவிட்டு அவளோடு வால்ட்ஸ் ஆடினான். பெனிதா கேமராவைப் பிடித்திருந்தாள். படம் ஆடாமல் இருக்க முழங்கையை விலாவோடு இறுக்கிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் அதை ஓட்டினாள்.

செவேரோ ஆடுகிறான். இடது கை காற்றில் உயர்ந்திருக்கிறது. வலது கை யாருடைய இடுப்பையோ அணைத்தபடி வளைந்திருக்கிறது. சுற்றிவர உறவுக்காரர்கள் கைதட்டுகிறார்கள். அவன் குனிந்து யாருமில்லாத இடத்தில் நெற்றியில் முத்தமிடுகிறான். கேக்கின் மெழுகுவர்த்திகள் தாமாக அணைகின்றன.

படத்தில் எங்கேயும் யோசலின் இல்லை. குரல் முதலில் கேமராவில்தான் போயிற்று. பிறகுதான் தொண்டையில்.

எண்ணின் தடையை நீக்கி அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"அம்மா, தாயே, நான்தான். கேமரா வாங்கினவ. ஒங்க கால்ல விழறேன். இப்பவே கொண்டாந்து குடுத்துடறேன்."

"எதுக்கு?" என்றாள் எலோய்சா. "அதுல ஒண்ணும் இல்லன்னு சொன்னியே."

"தப்புதான். என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க. எம்மவள விட்டுடச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் தீக்குச்சி உரசும் சத்தம். யாரோ ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து எதன் பல்லுக்கிடையிலோ செருகும் சின்ன உரசல்.

"ஒம்மவள நான் ஒண்ணும் சொல்லலியே. அந்தக் கேமராவுக்கு யாரு உடையவங்களோ, எம்புள்ளைய அழிச்ச மாதிரி அவங்கள அழிச்சுக் குடுங்கன்னுதான் ஐயாகிட்டக் கேட்டேன். உடையவ நீதான?"

"சாராயம் தெளிச்சப்போ..." என்று தொடங்கினாள் பெனிதா.

"யாரு பேரச் சொல்லித் தெளிச்ச?" என்றாள் எலோய்சா. மெதுவாக. பிறகு புரிந்துகொண்டது போல் நீளமாக மூச்சு விட்டாள். அந்த மூச்சில் இரக்கம் துளி இல்லை. "அப்ப நான் என்ன செய்ய? நீதான காட்டிக் குடுத்துருக்க."

இணைப்பு அறுந்தது.

பெனிதா கூடத்துக்கு ஓடினாள். யோசலின் மேசை முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இருந்தாள். பெனிதா அவளைக் கட்டிக்கொண்டாள். உடம்பு சில்லென்றிருந்தது, தலைமுடியில் கோக்கா வாடை. அம்மா, என்று உதடு அசைந்தது.

"பெனிதா!" செவேரோ அடுக்களையிலிருந்து கூப்பிட்டான். "மூணாவது தட்டு யாருக்கு? விருந்தாளி வராங்களா?"

"வெளையாடாத."

"நான் எங்க வெளையாடறேன்?"

அவன் வாசலில் வந்து நின்றான். மகள் இருக்கும் நாற்காலியைப் பார்த்தான். பார்வை அவளைத் தாண்டிச் சுவரில் போய் நின்றது. அந்தச் சுவரில் யோசலினின் ஞானஸ்நானப் படம் மாட்டியிருந்தது. சட்டம் இருந்தது. ஞானத்தாய் சிரித்தபடி வெறுங்கையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"யோசலின்," என்றாள் பெனிதா. "நம்ம யோசலின்!"

"யாரு, ஒங்க சந்தையில பூ விக்கிறவளா?"

அவள் திரும்பினாள். நாற்காலி காலி. உட்காருமிடம் இன்னும் சில்லென்றிருந்தது. மகளின் அறைக்கு ஓடினாள். கட்டில் இல்லை. உருளைக்கிழங்கு மூட்டைகள். தூசி படிந்த, வருஷக்கணக்கில் யாரும் நகர்த்தாத மூட்டைகள். ரோஜா நிறப் பாவாடை இல்லை. செருப்பு இல்லை. எதுவும் இல்லை.

கேமரா இருந்தது. மேசைமேல், திரை விரிந்தபடி.

பச்சைச் சுவர். கேக். முன்பல் இல்லாத பையன். அவன் பக்கத்தில், ரோஜா நிறப் பாவாடையில், யோசலின். பையன் அவள் கையைப் பிடித்திருந்தான். அவர்களுக்குப் பின்னால் அலமாரி. கம்பளிக் குல்லாய். இன்றைக்குக் கறுப்புக் கண்ணாடி கழற்றியிருந்தது.

"அம்மா, ஊதவா?" என்றது பையனின் குரல். தெளிவாக.

யோசலின் திரையை நோக்கி வந்தாள். உள்ளிருந்து உள்ளங்கையை வைத்தாள். வாய் திறந்தது. சத்தமில்லை. மறுபடி திறந்தது.

பெனிதா தரையில் சரிந்தாள். கேமராவை நெஞ்சோடு அணைத்தாள். உடைக்க முடியாது. விட முடியாது. தொண்டையிலிருந்து வந்தது அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

செவேரோ பதறிப்போய் அருகில் மண்டியிட்டான். நல்ல மனுஷன். அவள் தலையைக் கோதிவிட்டான். மெல்ல விரல்களைப் பிரித்துக் கேமராவை வாங்கினான்.

"எதுக்கு இப்படி அழற? பாரு, யாரோட படத்தையோ பாத்துகிட்டு." திரையை விளக்குப் பக்கம் சாய்த்தான். "பாவம், யாரு பெத்த புள்ளைங்களோ. இடம் நெறஞ்சிடுச்சுன்னு காட்டுது. எல்லாத்தையும் அழிக்கவான்னு கேக்குது."

"வேணாம்," என்றாள் பெனிதா.

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"அழிச்சுட்டாச் சரியாப் போயிடும்," என்றான் செவேரோ அன்பாக. யோசலின் திரைக்குள்ளிருந்து இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருக்க, அவன் கட்டைவிரல் பொத்தானின் மேல் இறங்கியது.