நாற்பத்தேழு கோட்டுகள்

அய்பெரிக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அந்தச் சனிக்கிழமை கிர்கிஸ்தானின் காரகோல் நகர விளையாட்டரங்கத்தின் வாசலிலேயே அவளுடைய இரண்டு காதுகளும் சிவந்துவிட்டன.

"உறை எங்க?" என்று கேட்டார் பாத்மா எஜே.

"போட்டிருக்கேனே!"

வயதில் மூத்த பெண்களை எஜே என்றும் ஆண்களைப் பைகே என்றும் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டி வைப்பதுதான் பாத்மா எஜேயின் வேலை. தரையைக் காப்பாற்றுவது அவராக எடுத்துக்கொண்ட வேலை. மேசைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். அய்பெரியின் பூட்ஸுக்கு மேல் இருந்த நீல பிளாஸ்டிக் உறையில் ஓர் ஓட்டை. அதன் வழியாக உருகிய பனி சொட்டிக்கொண்டிருந்தது.

"இது உறையா, வடிகட்டியா? போய் வேற மாட்டிக்கிட்டு வா."

"பயிற்சிக்கு அஞ்சு நிமிஷம்தான் இருக்கு, எஜே!"

"அது என் தரைக்குத் தெரியுமா?"

ஜூடோ குழுவில் பத்தொன்பது பையன்கள். பெண் என்றால் அய்பெரி ஒருத்திதான். அவள் ஒரு நிமிடம் பிந்தினால் போதும், "மகாராணி வந்தாச்சு!" என்று பத்தொன்பது பேரும் கத்துவார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து வேறு உறையை மாட்டினாள். மாட்டும்போதே அவள் பார்வை எஜேயின் தலைக்கு மேலிருந்த சிவப்புப் பெட்டிக்குப் போனது.

கண்ணாடிக் கதவு வைத்த பெட்டி. உள்ளே, நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி. கதவில் ஒரு குட்டிப் பூட்டு. அதன் சாவி ஒரு நாடாவில் கோர்த்து எஜேயின் கழுத்தில் தொங்கியது.

போன மாதம் பள்ளிக்கு ஒரு செவிலியர் ரப்பர் பொம்மையோடு வந்து, இதயம் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து அந்தப் பூட்டைப் பார்க்கும்போதெல்லாம் அய்பெரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எஜே, அதைப் பூட்டி வைக்கக் கூடாது. எத்தன தடவ சொல்றது?"

"ரெண்டு தடவ உங்க பசங்க தெறந்து விளையாடினானுங்க. இயக்குநர்கிட்ட திட்டு வாங்கினது நீயா, நானா?"

"யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?"

"சாவி என்கிட்ட இருக்கு. நான் இங்கதான இருக்கேன்?"

"அப்ப கழுத்துலயே கட்டிக்கிட்டுக் கெடங்க!"

கோட்டைக் கழற்றி மேசைமேல் எறிந்தாள். எஜே நாற்பத்தேழு என்ற எண் வில்லையைத் திருப்பி எறிந்தார். அய்பெரி தடதடவென்று உள்ளே போனாள்.

போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். கோபத்தில் இடுப்புப் பட்டையைக் கோட்டுப் பையிலேயே விட்டுவிட்டாள்.

"நாற்பத்தேழு" என்றாள், எஜேயின் முகத்தைப் பார்க்காமல்.

"ஆங், இப்ப என்ன மறந்துட்ட?" என்றபடி எஜே மேல்வரிசைக் கொக்கியை எட்டினார். கோட்டு கையில் வந்தது. ஆனால் எஜே திரும்பவில்லை. கோட்டோடு அப்படியே சரிந்து தரையில் விழுந்தார்.

"எஜே?"

அய்பெரி மேசையைத் தாண்டிக் குதித்தாள். எஜேயின் தோள்களைத் தட்டினாள். "எஜே! கேக்குதா?" பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மூக்கிலிருந்து கர்ரென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

பையன்களைப் பயிற்சிக்குக் கொண்டுவந்து விட்ட அப்பாக்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். கம்பளித் தொப்பி போட்டவர் குனிந்து பார்த்தார்.

"மயக்கம்தான். பாரு, குறட்டை விடறாங்க. மூச்சு இருக்கு." சட்டைப்பையிலிருந்து வாலிடால் மாத்திரையை எடுத்தார். "நாக்குக்கு அடியில வச்சா சரியாயிடும். எங்கப்பாவுக்கு எப்பவும் இதுதான்."

"வாயில எதையும் போடாதீங்க!" அய்பெரி அவர் கையைத் தள்ளினாள். மாத்திரை உருண்டு ஓடியது.

"பெரியவங்க கையைத் தட்டுறியா?"

"அது குறட்டை இல்ல, பைகே! கரையில போட்ட மீன் வாயத் தெறக்குமே, அது மாதிரி. மூச்சே இல்ல!" அவள் இன்னொருவர் பக்கம் திரும்பினாள். "நீங்க, போன் வச்சிருக்கீங்கல்ல? நூத்தி மூணுக்குப் போடுங்க. ஆம்புலன்ஸ் வரச் சொல்லுங்க!"

மண்டியிட்டாள். ஒரு கைமேல் இன்னொரு கையை வைத்து, எஜேயின் நெஞ்சுக்கு நடுவே முழங்கையை மடக்காமல் அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அங்கி, அதன்மேல் கம்பளி மேல்சட்டை, அதற்கும் மேல் பஞ்சு வைத்த கையில்லாச் சட்டை. மெத்தையை அழுத்துவது போல இருந்தது. அய்பெரி முப்பத்திரண்டு கிலோ. பொம்மை கீழே இறங்கிய அளவுக்கு எஜேயின் நெஞ்சு இறங்கவில்லை.

நான் கத்தினதாலயா இப்படி? என்று ஒரு நினைப்பு வந்தது. அதை நினைக்க இப்போது நேரமில்லை என்று தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

"கலிஸ் பைகே!" என்று அரங்கமே அதிரக் கத்தினாள்.

ஜூடோ பயிற்சியாளர் கலிஸ் பைகே ஓடி வந்தார். நூற்றுப்பத்து கிலோ. பின்னாலேயே பத்தொன்பது பையன்களும் வந்தார்கள்.

"இங்க அழுத்துங்க. பலமா, வேகமா. நிறுத்தாதீங்க. நான் எண்ணுறேன்!"

அவர் அழுத்தினார். இப்போது நெஞ்சு நன்றாகக் கீழே போய் மேலே வந்தது. வாயால் எண்ணிக்கொண்டே அய்பெரி எஜேயின் கழுத்திலிருந்து நாடாவைக் கழற்றினாள். நாற்காலிமேல் ஏறினாள். சாவி பூட்டுக்குள் போகாமல் வழுக்கியது.

"போ... போயேன்டா!" என்று சாவியைத் திட்டினாள். பூட்டு திறந்தது.

கருவியின் மூடியைத் திறந்ததும் அது பேசியது. ஒரு பெண்ணின் நிதானமான குரல்.

"நோயாளியின் மார்பிலிருந்து ஆடைகளை அகற்றுங்கள்."

கலிஸ் பைகேயின் கைகள் அந்தரத்தில் நின்றன. தொப்பிக்காரர் சட்டென்று கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். போன்காரர் கூரையைப் பார்த்தார்.

"பொம்பளைங்க யாராவது வரட்டும்" என்றார் தொப்பிக்காரர்.

"ஆமா. அவங்க வீட்டுல நாளைக்கு என்ன சொல்லுவாங்க?" என்றார் கலிஸ் பைகே. அவர் முகம் பீட்ரூட் மாதிரி ஆகியிருந்தது. பையன்களில் யாரோ களுக்கென்று சிரித்தான்.

அய்பெரியின் காது, மூக்கு, கழுத்து எல்லாம் கொதித்தன.

"எவன்டா சிரிச்சது? பைகே, கைய எடுக்காதீங்க! ஒரு நாளைக்கு இருபது பேரத் தூக்கிப் போடுறீங்க, இதுக்குப் பயமா?"

அவர் மறுபடியும் அழுத்தத் தொடங்கினார். ஆனாலும் இத்தனை கண்கள்! எஜே தலைத்துணி இல்லாமல் இந்தக் கதவைத் தாண்டியதே இல்லை. அய்பெரி நிமிர்ந்து பார்த்தாள். கொக்கிகளில் வரிசையாகக் கோட்டுகள் தொங்கின.

"எல்லாரும் ஆளுக்கொரு கோட்டு எடுங்க! எஜேயைச் சுத்தி நில்லுங்க. முதுகக் காட்டி நில்லுங்க! கோட்ட விரிச்சுப் பிடிங்க. எவனாவது திரும்பினா அவன நான் ஜூடோ பாயில பாத்துக்கறேன்!"

யாரும் சிரிக்கவில்லை. கோட்டுகள் தபதபவென்று இறங்கின. எட்டாத கொக்கிகளிலிருந்து தொப்பிக்காரர் அள்ளிக் கொடுத்தார். எண் வில்லைகள் தரையெங்கும் சிதறின. நொடியில் கம்பளியும் தோலுமாக ஒரு சுவர் எழுந்தது. உள்ளே எஜே, அய்பெரி, கலிஸ் பைகே மட்டும்.

"நீங்க கண்ண மூடிக்கிட்டே அழுத்துங்க, பைகே."

"மூடித்தான்மா இருக்கேன்!"

பெட்டிக்குள் கத்தரிக்கோல் இருந்தது. மூன்று சட்டைகளையும் நேராக வெட்டினாள். ஒட்டுவில்லைகளில் படம் போட்டிருந்தது. ஒன்று வலது தோளுக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே. இரண்டையும் ஒட்டி அழுத்தினாள்.

"யாரும் நோயாளியைத் தொடாதீர்கள்" என்றது குரல். கொஞ்ச நேரம் யோசித்தது. "அதிர்ச்சி தேவை. மின்னும் பொத்தானை அழுத்துங்கள்."

"விலகுங்க! கை, கால், கோட்டு எதுவும் படக் கூடாது!"

அழுத்தினாள். எஜேயின் உடம்பு ஒருமுறை துள்ளியது.

"மறுபடி அழுத்துங்க, பைகே. ஒண்ணு, ரெண்டு..."

எண்ணிக்கை இருநூறைத் தாண்டியபோது எஜே முனகினார். அவர் கை மெல்ல எழுந்து கலிஸ் பைகேயின் மணிக்கட்டைத் தள்ளியது. நெஞ்சு தானாகவே ஏறி இறங்கியது. அய்பெரி தன்னுடைய கோட்டை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டாள். அப்புறம்தான் வெளியே ஆம்புலன்ஸின் சத்தம் கேட்டது.

அவர்கள் எஜேயைத் தூக்கிப்போன பிறகு அய்பெரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். தொப்பிக்காரர் ஒரு கோப்பைத் தேநீரோடு வந்தார்.

"பயமா இருக்காம்மா?"

"இல்ல. கோவமா இருக்கு! அதுக்குப் போய்ப் பூட்டுப் போட்டு..."

அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஏழு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. அய்பெரி கதவைத் திறந்தபோது மேசைக்குப் பின்னால் பாத்மா எஜே இருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். குரல் மட்டும் இளைக்கவில்லை.

"வா, வா! நாற்பத்தேழு கோட்டு! ஒண்ணுகூட அதோட கொக்கியில இல்லையாமே? ஊர்ல பாதிப் பேரு அடுத்தவன் கோட்டப் போட்டுக்கிட்டுப் போயிருக்கான். அதுக்கு மேல, என் புதுக் கையில்லாச் சட்டையக் குறுக்க வெட்டியிருக்க!"

"குறுக்க இல்ல, நேராத்தான் வெட்டினேன்!" அய்பெரியின் காது சிவந்தது. சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது.

அவள் நிமிர்ந்து சிவப்புப் பெட்டியைப் பார்த்தாள். பூட்டு இல்லை. பூட்டு இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள்தான் இருந்தன.

"சாவி எங்க, எஜே?"

"எந்தச் சாவி? மொதல்ல உறைய மாட்டு!"

அய்பெரி மாட்டினாள். அவசரத்தில் பார்க்கவில்லை, இதிலும் ஓர் ஓட்டை. பனிநீர் தரையில் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு.

பாத்மா எஜே அதைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். பிறகு, அந்த அரங்கத்தின் வரலாற்றிலேயே முதல் முறையாக, கூரையைப் பார்த்தபடி, "ஓடு, பயிற்சிக்கு நேரமாச்சு" என்றார்.