மூன்று பத்துக்கு எடுத்த படங்கள்

ஜெலுத்தோங் கடலோரத்தில் இருந்த அந்த மீன் டின் தொழிற்சாலைக்குச் செல்வநாயகி போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி. 1998 நவம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை. தூறல் நின்று வெயில் அடிக்கத் தொடங்கியிருந்தது.

தரவுகளைச் சேமிக்கும் சர்வர்களை விற்றுப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் அவள் எட்டு வருடமாக இன்ஜினியர். கையில் இருந்த வேலைச் சீட்டில் ஒரே வரிதான்: ‘டிஸ்க் நிரம்பிவிட்டது, அழித்தாலும் இடம் வரவில்லை.’ இந்தப் புகாரை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். அரை மணி நேர வேலை.

கட்டடம் ஒரு காலத்தில் ஐஸ் கிடங்காக இருந்ததாம். சுவர்கள் தடித்துப் போய், எப்போதும் வியர்த்துக்கொண்டிருந்தன. மீன் நாற்றம் இருக்கும் என்று தெரிந்துதான் வந்தாள். அதன் அடியில் வேறொரு வாடை இருந்தது. இனிப்பாக, கொழுப்பாக, நாக்கின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்கிற வாடை. எச்சிலை விழுங்கத் தயங்கினாள்.

மேலாளர் விநாசித்தம்பி வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டை தோளிலிருந்து தொங்கியது. பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை போட்டிருந்தார்.

“வாங்க பிள்ளை. படமெல்லாம் நானே உக்காந்து அழிச்சேன். இடம் வரவே மாட்டேங்குது லா.”

பெரிய கொப்பரையில் மிளகாயோடு வெந்து வரும் மீன் சம்பலை டின்னில் நிரப்பும் மேசைக்கு மேலே ஒரு கேமரா உண்டு. மூடி போடுவதற்கு முன், நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும். அளவு குறைந்த டின்னைக் கண்டுபிடிக்கத்தான் அந்த ஏற்பாடு. படங்கள் எல்லாம் சர்வருக்கு வந்து சேரும்.

“அழிச்சா போகாது சார்,” என்றாள் செல்வநாயகி. “சர்வர் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ தன்னத்தானே படம் புடிச்சு வச்சுக்கும். ஸ்னாப்ஷாட்னு சொல்வோம். அந்த நேரத்துல என்ன இருந்துச்சோ அது அப்படியே உள்ள உறைஞ்சு நிக்கும். நீங்க வெளிய அழிச்சாலும் அது புடிச்சு வச்சிருக்கும். இடம் எப்படி வரும்?”

அவர் முகம் வெளுத்தது. “அப்ப நான் அழிச்சதெல்லாம் உள்ள இருக்கா?”

“இருக்கு. படிக்கலாம், பாக்கலாம். யாராலயும் திருத்த முடியாது.”

“அத பாக்க வேணாம் பிள்ளை. பாக்காமலே எல்லாத்தையும் அழிச்சிடுங்க.”

எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று கணக்கெடுக்கும் கட்டளையை முதலில் ஓடவிட்டாள். அது முடிய ஒரு மணி நேரமாகும். அதற்குள் பசி வந்துவிட்டது. கண்டீனுக்குப் போனாள்.

கண்டீன் நூர்ஜான் அக்கா சோறு, வெண்டைக்காய், மேலே இரண்டு கரண்டி மீன் சம்பல் போட்டுக் கொடுத்தார். “நம்ம டின்தான். பள்ளம் விழுந்ததெல்லாம் கடைக்குப் போகாது, இங்க வந்துடும்.” சம்பல் நன்றாகவே இருந்தது. செல்வநாயகி தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

எதிரே நீல மேலங்கி போட்ட ஒரு பெண் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். பெயர் புஷ்பவள்ளி. பைராம் தோட்டத்திலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வருகிறவள்.

“அக்கா, நீங்க கம்ப்யூட்டர் பாக்க வந்தவங்கதானே? ஒண்ணு கேக்கலாமா?”

“கேளும்மா.”

“என் தங்கச்சி ஜெயலெட்சுமியும் இங்கதான் வேல செஞ்சா. தீபாவளிக்கு நாலு நாளைக்கு முன்ன காணாமப் போயிட்டா. யாரோடயோ ஓடிட்டான்னு ஆபீஸ்ல சொல்றாங்க. அவ அப்படிப்பட்ட பிள்ளை இல்லக்கா. புதுப் பாவாடை தைக்கக் குடுத்திருந்தா, வாங்கவே இல்ல. அந்த கேமராவுல அவ வெளிய போனது தெரியுமா?”

“அது டின்ன மட்டும்தான் பாக்கும்மா.”

“ஓ.” புஷ்பவள்ளி தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு குனிந்து சாப்பிடத் தொடங்கினாள்.

திரும்பி வந்தபோது கணக்கு முடிந்திருந்தது. சர்வர் அறை பழைய ஐஸ் அறை. ஜன்னல் கிடையாது. பதினெட்டு டிகிரிக் குளிரில் ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அறையில் சூடான சமையல் வாடை. கதவைத் திறந்து பார்த்தாள். வெளியே அவ்வளவு இல்லை. உள்ளேதான் இருந்தது.

திரையில் ஸ்னாப்ஷாட் பட்டியல். இரட்டைப்படை மணிகளில் எடுத்தவை வரிசையாக இருந்தன. அவை சரி. அவற்றுக்கு நடுவே, நாளுக்கு ஒன்றாக, வேறு சில இருந்தன. எல்லாமே பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு எடுத்தவை.

அக்டோபர் பதினைந்தில் தொடங்கி நேற்று வரை, நாற்பது.

அப்படி ஒரு நேரத்தை யாரும் அமைக்கவில்லை. தொழிற்சாலை மூடியிருந்த தீபாவளியன்றும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளிலும். டிஸ்க்கை நிரப்பியது இவைதான்.

காரணம் தெரியாமல் அழிக்கக்கூடாது என்பது அவள் தொழில் பழக்கம். முதல் நாளைத் திறந்தாள். மேலாளர் அழித்த படங்கள் அப்படியே இருந்தன; மூன்று பத்துக்குப் பிறகு எடுத்தவையும் எப்படியோ அதற்குள் இருந்தன.

மேசையில் நான்கு திறந்த டின்கள். சிவந்த சம்பல், மேலே எண்ணெய். அடுத்த நிமிடம், அதேபோல நான்கு. அடுத்ததில் ஒரு டின்னின் விளிம்பில் கறுப்பாக ஏதோ வழிந்து தொங்கியது. பெரிதாக்கிப் பார்த்தாள்.

முடி. சுருண்ட நீள முடி, எண்ணெயில் ஊறியிருந்தது.

அடுத்த படத்தில் நீலத் துணியின் கிழிசல். அதற்கடுத்ததில் உடைந்த கண்ணாடி வளையல். அதற்கும் அடுத்ததில் சம்பலின் மேல் வெள்ளையாக, சின்னதாக ஒன்று மிதந்தது. சிவப்புப் பூச்சு பூசிய நகம். நகம் மட்டுமல்ல, விரல் நுனியும்.

செல்வநாயகி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

மூடிய நாட்களின் படங்களைத் திறந்தாள். விளக்கு அணைந்த தொழிற்சாலையில் படம் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். இல்லை. நான்கு டின்கள் இருந்தன, பளிச்சென்று. ஒவ்வொரு நாளும் டின்களில் இருந்தது கொஞ்சம் கூடியது. வேகவைத்த தோலைத் துண்டு துண்டாக யாரோ அடுக்கிக்கொண்டே வந்ததுபோல. நேற்றைய படத்தில் அது என்னவென்று தெரிந்தது. முதல் டின்னில் நெற்றி. இரண்டாவதில் மூடிய கண். மூன்றாவதில் மூக்கும் கன்னமும். நான்காவதில் வாய். உதடுகளுக்கிடையே சம்பல் நிரம்பியிருந்தது.

படத்தை மூடினாள். நான் தவறாகப் பார்த்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டு மறுபடி திறந்தாள்.

கண் திறந்திருந்தது.

உறைந்த ஸ்னாப்ஷாட் மாறாது. மாறவே முடியாது. அடிக்கடி படிப்பதைச் சர்வர் தன் தற்காலிக நினைவில் ஒரு பிரதியாக வைத்திருக்கும். அந்தப் பிரதிதான் கெட்டிருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தினால் அது போய்விடும். சர்வரை முழுதாக நிறுத்தி, வயரைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் காத்திருந்தாள். அந்த ஐந்து நிமிடமும் அறையின் வாடை குறையவில்லை. மீண்டும் இயக்கி அதே படத்தைத் திறந்தாள்.

வாயும் திறந்திருந்தது.

சுவர்க் கடிகாரம் மூன்று பத்தைக் காட்டியது. டிஸ்க்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் கடகடவென்று இரைந்தன. அவள் விசைப்பலகையைத் தொடவில்லை. பட்டியலின் அடியில் நாற்பத்தோராவது ஸ்னாப்ஷாட் தானாக வந்து நின்றது.

அதை அவள் திறக்கவில்லை.

“பாக்காதீங்கன்னு சொன்னேனே, பிள்ளை.”

விநாசித்தம்பி கதவருகே நின்றிருந்தார். கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் பொத்தியிருந்தார்.

“என்ன நடந்துச்சு சார்?”

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “டீ நேரம். எல்லாரும் வெளிய போயிட்டாங்க. கொப்பரையில ஏதோ சிக்கிக்கிச்சு. ஏறி எடுத்து விடுன்னு நான்தான் அவள அனுப்பினேன். மேல தடுப்புக் கம்பி ஒடஞ்சு ரெண்டு மாசமா கெடந்துச்சு. தலத்துணி கிண்டுற துடுப்புல மாட்டி...” கைக்குட்டைக்குள் ஓங்கரித்தார். “மூணு பத்து. நான் ஸ்விட்சுக்கு ஓடினேன். ஓடினேன் பிள்ளை.”

“அப்புறம்?”

“நானூறு பேர் வேல செய்ற எடம். தீபாவளி ஆர்டர். எடுக்க முடிஞ்சத எல்லாம் நானே கையால எடுத்துட்டேன். மீன் கழிவு லாரியில ஏத்திட்டேன். மிச்சம் இருந்தது கொஞ்சம்தான்.”

“அந்தக் கொப்பரைய கொட்டலையா?”

அவர் கைக்குட்டையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினார்.

“அந்த டின்னெல்லாம் எங்க சார்?”

“கடைக்குப் போயிடுச்சு,” என்று முனகினார். “பள்ளம் விழுந்தது மட்டும்...”

சொல்லி முடிப்பதற்குள் செல்வநாயகி குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டாள். மத்தியானச் சோறு முழுவதும் வந்தது. சோறு தீர்ந்தபின் பித்தநீர் வந்தது. அதுவும் தீர்ந்தபின், வெறும் குடல் மட்டும் தொண்டைக்கு ஏறி ஏறி இறங்கியது. வாயைத் துடைத்த கையில் எண்ணெய் சிவப்பாக ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து மறுபடி குமட்டினாள்.

நாற்பது நாளாகப் புஷ்பவள்ளி அந்தக் கண்டீனில் சாப்பிடுகிறாள்.

“அழிச்சிடுங்க பிள்ளை,” என்றார் அவர். “நானும் சோறு தின்னு நாளாச்சு. தண்ணிகூட அந்த வாடைதான் அடிக்குது. அழிச்சுட்டா நின்னுடும்.”

செல்வநாயகி பையிலிருந்து மூன்று டிஸ்கெட்டுகளை எடுத்தாள். அக்டோபர் பதினைந்தாம் தேதிப் படங்களை ஒவ்வொன்றாக அவற்றில் ஏற்றினாள். ஒவ்வொரு டிஸ்கெட்டும் நிரம்ப ஒன்றரை நிமிடம் ஆனது. அவர் தடுக்கவில்லை. எழுந்து நிற்கவும் அவருக்குத் தெம்பில்லை. அவள் வெளியேறும்போது திரும்பிப் பார்த்தாள். அவர் சர்வரின் முன்னால் மண்டியிட்டு, பெட்டியில் நெற்றியை முட்டிக்கொண்டு, மெல்லிய குரலில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே டிஸ்க்குகள் இரைவதை நிறுத்திவிட்டன. கேட்பதுபோல.

போலீஸ் அன்று மாலையே வந்தது. இன்ஸ்பெக்டர் இப்ராஹிம் மூன்று படங்களுக்கு மேல் பார்க்கவில்லை. எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்து கேள்வி கேட்டார். விநாசித்தம்பி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பாலிக் புலாவ் பக்கம், மீன் கழிவு லாரி கொட்டும் ஜாதிக்காய்த் தோட்டத்து உரக்குழியை மூன்று நாள் தோண்டினார்கள். கிடைத்ததை ஒரு சின்னப் பெட்டியில் போட்டு மூடி, வீட்டாரிடம் கொடுத்தார்கள். தொழிற்சாலைக்குச் சீல் விழுந்தது. கடைகளில் இருந்த டின்களைத் திருப்பி எடுத்தார்கள். எடுத்தவரை எடுத்தார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் செல்வநாயகி பைராம் தோட்டத்துக்குப் போனாள். புஷ்பவள்ளி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தையற்காரரிடமிருந்து வாங்கிவந்த பச்சைப் பாவாடை. பத்திரிகையில் விபத்து என்றும், உடலை மறைத்தார்கள் என்றும் மட்டும்தான் போட்டிருந்தார்கள்.

“நீங்க இல்லன்னா அவ ஓடுகாலியாவே போயிருப்பாக்கா,” என்றாள். கொஞ்ச நேரம் பாவாடையின் கரையை மடித்து விரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “டின்னெல்லாம் ஏன்க்கா திருப்பி எடுத்தாங்க?”

செல்வநாயகி வாசற்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கண்டீன் டின்னையும் எடுத்தாங்களாமே.”

“புஷ்பா...”

“அக்கா, நான் அங்க தினமும்...”

செல்வநாயகி அவள் கையைப் பிடித்தாள். அதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. புஷ்பவள்ளி அந்தக் கையையே பார்த்தாள். பிறகு எழுந்து வீட்டின் பின்பக்கம் ஓடினாள். அவள் வாந்தியெடுக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அதற்குப் பின்னால் வந்த சத்தம் அழுகையா, வேறேதுமா என்று சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து செல்வநாயகி மீன் தொடுவதில்லை. சம்பல் வாடை வந்தால் தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுவாள்.

ஜனவரியில் ஒருநாள் காலை இப்ராஹிம் போன் செய்தார். வழக்குக்காகப் பூட்டிவைத்த சர்வர் பற்றி.

“மிஸ், கொஞ்சம் வந்துட்டுப் போங்க. ரிப்போர்ட்ல என்ன எழுதுறதுன்னு தெரியல.”

காவல் நிலையத்தின் பின்னறை. இரும்பு அலமாரிகளில் வழக்குப் பொருட்கள் சீட்டுக் கட்டிக் கிடந்தன. சர்வர் கீழ்த்தட்டில் இருந்தது. அரக்கு முத்திரை உடையவில்லை. மின்சார வயரைத் தனியாகச் சுருட்டி வேறொரு பையில் வைத்திருந்தார்கள். அந்த மூலையில் மின்சார இணைப்பே கிடையாது.

சுவரிலிருந்து ஓர் எறும்புச் சாரை இறங்கி, அலமாரிக் காலில் ஏறி, சர்வரின் காற்றுத் துளைகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளே போகும் வரிசை ஒன்று. வெளியே வரும் வரிசை ஒன்று. வெளியே வந்தவை ஒவ்வொன்றும் வாயில் எதையோ கவ்வியிருந்தன. வெளிறிய, மிகச் சிறிய துணுக்குகள்.

“மருந்து அடிச்சுப் பாத்துட்டோம்,” என்று கிசுகிசுத்தார் இப்ராஹிம். “தொட்டுப் பாருங்க மிஸ்.”

செல்வநாயகி உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்தாள்.

காய்ச்சல்காரரின் நெற்றிபோலச் சுட்டது.

கையை எடுக்க நினைத்தாள். அதற்குள், மெல்லிய தகரத்துக்கு அடியில், அவள் விரல்களுக்கு நேர் கீழே, ஏதோ ஒன்று எச்சிலை விழுங்கியது.