புகைபோக்கியடியில் பூனைகள்

கங்கம்மாள் வந்து நின்றபோது பக்தவச்சலம் பல்கூட விளக்கியிருக்கவில்லை. ரயில்வே ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். ஊரில் எவன் செத்தாலும் துப்புத் துலக்க அவரிடம்தான் ஓடிவருவார்கள். என்ன பாவம் செய்தாரோ! அவள் ஆம்பூர் டேனரியில் பதனிடும் தோலுக்கு எண்ணெய் தேய்ப்பவள்.

"என் தம்பி காசியப் போலீஸ் புடிச்சிட்டுப் போய்ட்டாங்க சார். அவன் கொலைகாரன் இல்ல."

அவள் புருஷன் வீரபாகு, டேனரிப் புகைபோக்கியில் பூச்சு வேலை பார்த்தவன். திங்கட்கிழமை விழுந்து செத்தான். உச்சியிலிருந்து தொங்கும் காப்புக் கயிற்றோடு அவன் இடுப்பு வாரைப் பிணைத்து முடிச்சுப் போட்டவன் காசி. மதராஸ் எஞ்சினியர் அந்த மாதம்தான் கற்றுக்கொடுத்த முடிச்சு. மெல்ல ஏறினால் கூடவே நகரும். வெடுக்கென்று இழுபட்டால் இறுகிப் பிடிக்கும். அன்று பிடிக்கவில்லை. அதற்கு முதல் நாள் மச்சான்கள் இருவருக்கும் சண்டை வேறு.

"சிம்னி பக்கம் யாரும் போறதில்ல சார்," என்றான் பக்தவச்சலத்தின் உதவியாளன் முனீர் அகமது. "பூனைங்க கயித்தைச் சுத்தி நின்னு அழுவுதாம். ஆவியப் பாத்துத்தான்றாங்க."

மூவரும் போனார்கள். ஆளில்லாத கயிறு தானாக அசைந்தது. அடியில் நான்கு பூனைகள் முனகின. முனீர் ஏதோ ஓதத் தொடங்கினான். ஒரு பூனை கயிற்றை நக்குவதைக் கண்டதும் பக்தவச்சலம் குனிந்து முகர்ந்தார்.

"மீன் எண்ணெய்! கயிறு அறுந்து போகல, முடிச்சும் அவுழல. வழுக்கிட்டே கீழ வந்திருக்கு."

"காசி தடவினானா சார்?" என்றான் முனீர்.

"கொல்லணும்னா முடிச்சையே தப்பாப் போட்டுடலாமேய்யா. இது பொறுமையா, உள்ள இறங்குற மாதிரி தேச்சது. தோலுக்குத் தேய்க்கிற மாதிரி. ஞாயித்துக்கிழமை கயிறு எங்க..." என்று திரும்பியவர் நிறுத்திக்கொண்டார்.

கங்கம்மாள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லீவுன்னு அவுத்து எடுத்தாந்து வூட்லதான் சார் வெச்சிருந்தாரு. காஞ்சு மொடமொடன்னு கெடந்தது. அறுந்துடப் போவுதுன்னு நாந்தான்..."

"விடும்மா. எண்ணெய்னு மட்டும் போலீஸ்ல நான் சொல்லிக்கிறேன்."

"வாணாம் சார். அப்புறம் காசிதான் தடவினான்னுவாங்க. நானே ஸ்டேஷன்ல சொல்றேன்." இரண்டடி போய் நின்றாள். "கீழ வர்றப்ப அவருக்கு அந்த எண்ணெய் ஞாபகம் வந்திருக்குமா?"

"வந்திருக்காதும்மா," என்று பொய் சொன்னார் பக்தவச்சலம்.

"வந்திருக்கும் சார். பக்கத்துல உக்காந்து, இன்னும் கொஞ்சம் தேயின்னு அவருதானே சொன்னாரு."