கவிழ்த்துக் கட்டிய படகு

போன மழைக்காலத்திலிருந்து அந்தப் படகு தண்ணீரைப் பார்த்ததில்லை. ஏரிக்கரைக் கொட்டகையில், தகரக் கூரைக்குக் கீழே, இரண்டு மரக்கட்டைகளின் மேல் கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகில் விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி. ஆனால் தூக்குவதற்காக விளிம்புக்கு அடியில் கையைக் கொடுத்தபோது சின்னவளின் விரல்களில் ஈரம் தட்டுப்பட்டது. சில்லென்ற ஈரம். கையை எடுத்துப் பார்த்துவிட்டு ஜீன்ஸில் துடைத்துக்கொண்டாள். கூரை ஒழுகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூரைக்கும் அந்த ஈரத்துக்கும் நடுவே படகின் முதுகு காய்ந்துபோய் இருந்ததை அப்போது அவள் யோசிக்கவில்லை.

அது அத்தானின், அக்கா கணவரின், படகு. கனூ என்பார்கள், ஒல்லியான, இரண்டு முனையும் கூரான துடுப்புப் படகு. ஒரு நாள் காலையில் அவர் இதில் ஏறி ஏரிக்குள் போனார். படகு மட்டும் கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது. முக்குளிப்பவர்கள் வந்தார்கள், தேடினார்கள், இந்த ஏரி விழுங்கிய யாரையும் திருப்பித் தந்ததில்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். உடம்பே கிடைக்காத வீட்டில் எந்த நாளில் உட்கார்ந்து அழுவது? அக்கா அழவில்லை. வேலைக்குப் போனாள். தட்டை முன்னால் வைத்தால் சாப்பிட்டாள். மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு சிரித்தாள். அவளைத் தனியே விட மனமில்லாமல் சின்னவள் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கே குடிவந்துவிட்டாள். கொட்டகையைக் காலி செய்யப்போகிறோம், படகை எடுத்துக்கொண்டு போங்கள் என்று காவலாளி போன் செய்தபோது, யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அக்கா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

காவலாளி பூட்டைத் திறந்துவிட்டுத் தள்ளியே நின்றார். கைகொடுக்கக் கூப்பிட்டதற்கு இடுப்பு வலி என்றார். அத்தான் ஒற்றை ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் படகு அது. இரண்டு பேர் தூக்கியும் மூச்சு முட்டியது.

அக்கா பஸ் ஓட்டுகிறவள். சொந்தக் காரை ஓட்டும்போதுகூடப் பின்னால் ஐம்பது பேர் நிற்பதுபோலத்தான் பிரேக்கைத் தொடுவாள். பாரம் கட்டுவதும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கூரை கேரியரின் இரண்டு கம்பிகள்மேல் படகைக் கவிழ்த்துக் கிடத்தி, நைலான் பட்டை இரண்டைக் குறுக்கே போட்டு இறுக்கினாள். முன்முனையிலிருந்து பானெட்டுக்கு ஒரு கயிறு, பின்முனையிலிருந்து பம்பருக்குக் கீழே ஒரு கயிறு. அசைத்துப் பார்த்தாள். கார்தான் ஆடியது, படகு ஆடவில்லை.

புறப்படும்போது சாயங்காலம் ஆகியிருந்தது. ஏரியை ஒட்டிய பாதையில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. இரண்டு பக்கமும் உயரமான மரங்கள், அவற்றின் அடிமரம் மட்டும் தெரிந்தது, தலைகள் வெள்ளைக்குள் மறைந்திருந்தன. முன்கண்ணாடியின் மேல்பகுதியில் படகின் மூக்கு ஒரு கறுத்த நிழலாக நீட்டிக்கொண்டிருக்க, ஈர மண்ணும் பாசியும் கலந்த வாசனை, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்ட பிறகும், எங்கிருந்தோ உள்ளே வந்துகொண்டே இருந்தது. பெரிய சாலைக்கு ஏறி வேகம் பிடித்ததும் கூச்சல் ஆரம்பித்தது. ஆம், கூச்சல்தான். பட்டைகள் கொம்பு ஊதுவதுபோல் உறுமின, ஏதோ ஒன்று படபடவென்று கூரையை அறைந்தது, இவை இரண்டுக்கும் மேலே மெல்லிசாக, பல் கூசும்படி, ஒரு சீழ்க்கை.

சின்னவளுக்கு ஒருவிதத்தில் அது நிம்மதியாக இருந்தது. பேச வேண்டியதில்லை. அவள் வேலையே காது பரிசோதனைதான். சத்தம் புகாத சிறிய அறையில் ஆட்களை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்று நாள் முழுக்கச் சொல்கிறவள். பெரிய சத்தம் சின்ன சத்தத்தை மூடிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். இந்தக் கூச்சலுக்கு அடியில் அக்காவின் மௌனம் மூடிக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அக்கா விடவில்லை. ஓரங்கட்டினாள்.

முதலில் படபடப்பு. பட்டையின் மீதி நுனி அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கதவிடுக்கில் கொடுத்துச் சாத்தினாள். கிளம்பினார்கள். படபடப்பு போய்விட்டது, உறுமல் இருந்தது. கொஞ்ச தூரத்தில் மறுபடியும் நிறுத்தினாள். தட்டையாக இழுத்துக் கட்டிய பட்டைதான் காற்றில் உறுமும், ஒரு முறுக்குக் கொடுத்தால் வாயை மூடிக்கொள்ளும் என்று பாடம் நடத்துவதுபோல் சொல்லிக்கொண்டே, இரண்டு பட்டையையும் அவிழ்த்து முறுக்கி மறுபடி கட்டினாள். உறுமல் அடங்கியது. சீழ்க்கை பாக்கி. மூன்றாம் தடவை நிறுத்தி, மெல்லிய கயிறு ஒன்றைக் கேரியர் கம்பியைச் சுற்றிக் கொடிபோலப் படரவிட்டாள். கம்பியில் மோதும் காற்று சிதறிப்போனால் சீழ்க்கை வராதாம். பனியில் அவள் கூந்தல் நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. அந்த முகத்தில் இத்தனை மாதமாகக் காணாத ஒரு சுறுசுறுப்பு.

"போதும்க்கா. இவ்ளோ சத்தம் இருந்தா என்ன இப்போ?"

அக்கா முடிச்சை இறுக்கியபடியே சொன்னாள். "காத்துச் சத்தம் போனாத்தானே அவர் சொல்றது கேக்கும்."

சின்னவள் போய்க் காரில் உட்கார்ந்தாள். சீட் பெல்ட்டை மாட்டும்போது கொக்கி துளையில் விழாமல் இரண்டு தரம் தவறியது. வீட்டுக்குப் போனதும் அக்காவை ஒரு நல்ல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும், இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று நினைத்தாள். அந்த நினைப்பு முடிவதற்குள் கார் வேகம் பிடித்துவிட்டது. இந்த முறை கூரையில் காற்றின் சத்தம் அநேகமாக இல்லை.

வேறொன்று இருந்தது.

மூச்சு மாதிரி. இழுத்து, நிறுத்தி, விட்டு. இடையிடையே, ஈரத்துணியைப் பலகையில் தேய்ப்பதுபோல் ஓர் உராய்வு. ஒடுக்கமான கட்டிலில் படுத்திருப்பவர் புரள இடமில்லாமல் தோளை மட்டும் நகர்த்திக்கொள்வதுபோல. சரியாக அவள் தலைக்கு மேலே. கவிழ்ந்த படகின் குழிக்குள் காற்று புகுந்து புறப்பட்டால் இப்படித்தான் இருக்கும் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். காற்று என்றால் வேகத்தோடு ஏறும், வேகத்தோடு இறங்கும். வண்டி நின்றால் நிற்கும். ஆகவே எங்காவது நிற்க வேண்டும் என்று ஏங்கினாள்.

நாற்சந்தி ஒன்றில் சிவப்பு விளக்கு விழுந்தது. சாலையில் வேறு வண்டி இல்லை. மூடிக் கிடந்த ஒரு டயர் கடை, பனிக்குள் மங்கிய அதன் விளம்பரப் பலகை, ஆளில்லாத பஸ் நிறுத்தம். அக்கா பிரேக்கை மிதித்தாள். கார் நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

இழுத்து. நிறுத்தி. விட்டு.

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். சிவப்பு வெளிச்சத்தில் அக்கா தலையைக் கொஞ்சம் சாய்த்து, பக்கத்து அறையில் யாரோ பேசுவதைக் கேட்பவள்போல உட்கார்ந்திருந்தாள். உதட்டில் சிரிப்பு.

படகுக்குள் ஏதாவது பிராணி புகுந்திருக்கும். கீரியோ, பூனையோ. பயத்தில் அதற்கு மூச்சு வாங்குகிறது. சத்தம் கொடுத்தால் பிராணி மிரண்டு அசையும், இதை நிரூபித்துவிட்டால் போதும். சின்னவள் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அதைச் செய்தாள். வாயைத் திறக்காமல், தொண்டைக்குள் ஒரு சுரத்தை மெதுவாக இழுத்தாள்.

மேலே, டொக்.

ஒரே ஒரு தட்டு. தற்செயல். சுரத்தைத் தணித்து இழுத்தாள்.

டொக்.

இன்னும் தணித்தாள். அவள் அறையில் உட்காரும் ஆட்களில் நல்ல காதுள்ளவர்கள்கூடக் கைவிடும் அளவுக்கு. தனக்கே கேட்காமல், தொண்டையில் அதிர்வு மட்டும் இருக்கும்படி.

டொக்.

மறுபடி செய்யலாமா என்று நினைத்தாள். நினைக்கத்தான் செய்தாள்.

டொக்.

பச்சை விழுந்தது. அக்கா நேரே போகவில்லை. வீட்டுக்குப் போகும் பாதையை விட்டு, மரங்களுக்கு நடுவே போகும் ஒரு மண்பாதையில் திருப்பினாள். எங்கே போகிறோம் என்று சின்னவள் கேட்டாள். அக்கா இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிப் போய், இன்ஜினை அணைத்தாள். முகப்பு விளக்கை மட்டும் விட்டுவைத்தாள். பனியில் அந்த வெளிச்சம் சுவர்போல் நின்றது.

எந்தச் சத்தமும் இல்லை. பறவை இல்லை. பூச்சி இல்லை. மூச்சு மட்டும். இப்போது அது வேகமாக இருந்தது.

அக்கா கதவைத் திறந்து இறங்கினாள். சின்னவளும் இறங்கிக் காரைச் சுற்றி ஓடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்க்கா. வீட்டுக்குப் போலாம் வா. என் பேச்சக் கேளு."

"எவ்ளோ நாள்டி அவர் இப்படியே குப்புறக் கெடப்பார்?" அக்கா மிகவும் சாந்தமாகத்தான் கேட்டாள். கையை உதறவில்லை; தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். பின்பக்கப் பட்டையின் கொக்கியை அழுத்தினாள். பட்டை சரிந்தது. முன்பக்கப் பட்டையையும் இரு முனைக் கயிறுகளையும் அவிழ்த்தாள். கதவின் கீழ்ப்படியில் ஏறி நின்று படகின் பக்கவாட்டில் கன்னத்தை வைத்தாள்.

விளிம்புக்கு அடியிலிருந்து ஒரு விரல் வந்தது.

வெளுத்து, ஊறி, நுனி சுருங்கிய விரல். அதன்பின் இன்னொன்று. பிறகு கை. அது அக்காவின் கையைத் தேடியது. அக்கா கொடுத்தாள். அது பற்றிக்கொண்டது, பழகிய கை பழகிய கையைப் பற்றுவதுபோல.

"பாத்தியா," என்றாள் அக்கா. அவள் அழுதுகொண்டிருந்தாள். கடைசியில் அழுதுவிட்டாள்.

சின்னவளும் ஓர் அடி முன்னால் வந்தாள். பயமெல்லாம் வடிந்து, அத்தான் என்று கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்தில் இன்னொரு கை வெளியே வந்தது. அதன்மேல் கண் விழுந்ததும் எடுத்த வாயை மூடிக்கொண்டாள்.

அது சின்னக் கை. குழந்தையின் கை.

அதற்கடுத்து ஒரு கிழவனின் கை. மூட்டு புடைத்தது. அதற்கடுத்து, நகம் இல்லாத ஒன்று. சின்னவள் பின்னால் நகர்ந்தாள். முன்முனைக்கு வந்தாள். அங்கேயும். அந்தப் பக்கம் பார்த்தாள். அங்கேயும். விளிம்பு நெடுக. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு. இடமே இல்லாமல்.

"அக்கா. அது அத்தான் இல்ல. விடு. கைய விடு."

அக்காவின் காதில் விழுந்ததா தெரியவில்லை. அவள் கையை இப்போது மூன்று கைகள் பிடித்திருந்தன. பிறகு ஐந்து. முழங்கை. தோள்.

படகு எழும்பியது. பாத்திரத்தின் மூடியை உள்ளிருந்து தூக்குவதுபோல, ஒரு பக்கம் மட்டும், மெதுவாக. இடைவெளியில் கறுப்பு. அதிலிருந்து ஏரித் தண்ணீர் வழிந்து கண்ணாடியில் இறங்கியது. நிற்காமல் இறங்கியது. அக்கா தலையைக் குனிந்து அந்த இடைவெளிக்குள் கொடுத்தாள். அவள் பாதங்கள் கதவுப்படியை விட்டு எழுந்தன. இடுப்பு போயிற்று. முழங்கால் போயிற்று. ஒரு செருப்பு சேற்றில் விழுந்தது.

படகு மூடிக்கொள்ளவில்லை.

சின்னவள் நின்ற பக்கத்தில், விளிம்பைப் பற்றியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிடியை விட்டன. கைகள் அவள் பக்கம் நீண்டன. பெரிதும் சிறிதுமாக, வரிசையாக, உள்ளங்கைகள் மேலே பார்க்கத் திரும்பி, அகல விரிந்து நின்றன.